யம்னாவின் வயிற்றில் தூங்கிய பிள்ளை

எங்கள் மலையில் பிள்ளைகள் தாயின் வயிற்றுக்குள் நாற்பது வருஷம்கூடத் தூங்கும். என் தாத்தாவின் சித்தி ஒருத்தி சுமந்த பிள்ளை, வெளியே வரும்போதே தாடியோடு வந்து, "தேத்தண்ணியில புதினா போட்டாச்சா?" என்று கேட்டதாம். இதை நான் ஃபெஸ் நகரத்தில் படித்த பெண்கள் நிறைந்த சபையில் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறேன். தாடி நான் ஒட்டவைத்தது. தேநீரும் நான் ஊற்றியதுதான். நாற்பதையும் வேண்டுமட்டும் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தூக்கம் நான் கட்டிய கதையல்ல. புருஷன் செத்துப்போனாலோ கடல் தாண்டிப் போனாலோ, வயிற்றில் இருக்கும் கரு பயந்து வளராமல் சுருண்டு படுத்துவிடும். தனக்கு வசதிப்பட்ட காலத்தில் எழும். எங்கள் பக்கத்தில் யாரும் இதைச் சந்தேகப்பட்டதில்லை. அப்படித் தாமதமாகப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் பெயரை மறுத்த காஜியாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

யம்னாவின் பிள்ளையும் அப்படித்தான் தூங்கியது. அவளுடைய மாமியார் ஹத்தூம் இதோ என் அடுப்போரத்தில் உட்கார்ந்து கம்பளி மயிரைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு காது முழுக்கப் போய்விட்டது. மற்றது அவளுக்கு வேண்டும்போது மட்டும் கேட்கும். எழுதும்போதே உரக்கப் படித்துக்கொள்வது என் பழக்கம். இதுவரை அவள் தலை நிமிரவில்லை. ஆகவே பயமில்லாமல் எழுதலாம்.

யம்னா எங்கள் ஊர்க்காரி அல்ல. கீழே புதன் சந்தை கூடும் ஊரில், செருப்புத் தைக்கிறவர் ஒருவரின் மூத்த தாரத்து மகள். அங்கே அரபி பேசுவார்கள். எங்கள் மலைப் பேச்சு அவர்களுக்கு ஆடு கத்துவதுபோல் கேட்குமாம். ஹத்தூமின் மூத்த மகன் அஸ்ஸூ சந்தைக்குச் செருப்புத் தைக்கப் போய், தைத்த செருப்பையே மறுபடி அறுத்துக்கொண்டு போய், இப்படி நாலைந்து தடவை போன பிறகு அவளைக் கட்டிக்கொண்டு வந்தான். வந்த முதல் குளிர்காலத்துக்குள் எங்கள் பேச்சைக் கற்றுக்கொண்டாள். ஆனால் கோபம் வந்தால் அரபியில்தான் முணுமுணுப்பாள். ஹத்தூமுக்கு அதில் ஒரு சொல்கூடப் புரியாது. அந்த வீட்டில் சமாதானம் நிலவியதற்கு அதுவே பாதிக் காரணம்.

வீட்டில் மந்தை இருந்தால் நாய் இருக்க வேண்டும். அந்த வீட்டு நாயின் பெயர் இஸெம். எங்கள் பேச்சில் சிங்கம் என்று அர்த்தம். உருவம் கழுதைக்குட்டி அளவு. தேவதாருக் காட்டுக்குள் நரி வந்தால் அது விட்டதில்லை. யம்னாதான் அதற்குத் தவிட்டுக் கஞ்சியும் மோரும் வைப்பாள். மடியில் தலையைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும். அவள் மயிருக்குள் கைவிட்டு முள்ளும் உண்ணியும் எடுத்துவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு மாவு பிசையப் போவாள். எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தோம். அதில் என்ன இருக்கிறது என்று அன்று யாருக்குத் தெரியும்.

கல்யாணமாகிப் பல வருஷம் வயிறு திறக்கவில்லை. பிறகு ஒரு குளிர்காலத் தொடக்கத்தில், காட்டில் அறுத்த தேவதாரு மரம் சரிவில் உருண்டு அஸ்ஸூவை நசுக்கிவிட்டது. பலகையில் வைத்துத் தூக்கிவந்தபோது முகம் மட்டும்தான் அடையாளத்துக்கு மிச்சமிருந்தது. யம்னாவுக்கு அந்த மாதத்தோடு தீட்டு நின்றது. துக்கத்தில் நின்றிருக்கலாம். மருத்துவச்சி இஸ்ஸா வந்து வயிற்றைத் தடவினாள். வலது விலாவுக்குக் கீழே உருண்டையாக ஒன்று கையில் தட்டுப்பட்டது.

"இருக்கான்," என்றாள் இஸ்ஸா. "பயந்து படுத்துக்கிட்டான். எழுப்பாதீங்க."

இஸ்ஸா பொய் சொல்லவில்லை. ஏதோ ஒன்று இருந்தது.

அந்த ஒரு சொல்லால் யம்னா அந்த வீட்டில் தங்கினாள். பிள்ளையில்லாத விதவை என்றால் நாற்பதாம் நாள் கழிந்ததும் அப்பன் வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே அப்பன் இறந்துவிட்டார், சின்னம்மாதான் இருந்தாள். ஒருமுறை யம்னா பார்க்கப் போனபோது, அந்தச் சின்னம்மா போர்வையைக் கழற்றி வை என்றுகூடச் சொல்லாமல் தேநீரை நீட்டினாளாம். குடித்துவிட்டுக் கிளம்பு என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

கொழுந்தன் ஸெக்கூ கெட்டவன் அல்ல. அண்ணன் பங்கு ஆடுகளின் முதுகில் காவிக்கல் பூசி, தன் ஆடுகளுக்கு நீலம் பூசி, இரண்டையும் ஒன்றாகவே மேய்த்தான். "அண்ணன் மவன் எழுந்தா அவனுக்கு," என்பான். "எழுந்திரிக்கலன்னா அப்புறம் பாத்துக்கலாம்." அப்புறம் என்பது என்றைக்கு என்று அவனும் சொல்லவில்லை, யம்னாவும் கேட்கவில்லை.

ஹத்தூமுக்கோ அந்த வயிறுதான் அஸ்ஸூ. காலையில் பால் கறக்கப் போகுமுன் மருமகளைக் கதவருகே நிறுத்தி, விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு பேசுவாள்.

"எந்திரிடா சோம்பேறி. உங்கப்பனும் இப்படித்தான் வலது பக்கமே கிடந்தான். பனி உருகுது, காவி ஆடு எல்லாம் குட்டி போட்டாச்சு, நீ இன்னும் கிடக்குற."

தாயில்லாமல் வளர்ந்தவள் யம்னா. ஒருத்தி தினமும் தன் உடம்பில் கைவைத்துப் பேசுவது அவளுக்கு அதுவரை நடந்ததில்லை. கை எடுக்கப்படும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

குளிர்காலங்கள் போயின. வயிறு மெல்ல மெல்லப் புடைத்தது. ஊற்றங்கரையில் பெண்கள் விடுவார்களா?

"யம்னா, உம் மவன் இன்னும் எழலையா?"

"எழுந்தான். உன் மூஞ்சியப் பாத்தான். மறுபடியும் படுத்துட்டான்."

"பாத்துடி, மீசையோட வரப்போறான்."

"வரட்டும். வந்த கையோட உனக்கே கட்டி வச்சுடறேன். தூங்குற புருஷன்தான் உனக்குப் பழக்கமாச்சே."

சிரிப்பில் எல்லோரையும்விட யம்னாவின் சத்தம்தான் பெரிதாக இருக்கும். குடத்தைத் தூக்கும்போது மட்டும் வலது கையால் விலாவைப் பிடித்துக்கொள்வாள். சில நாள் காரணமில்லாமல் உடம்பெங்கும் தடிப்பு வந்து அரிக்கும், வாய் கசக்கும், இடது பக்கமாகப் படுக்க முடியாது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படியே நம்பியிருப்பாள், ஹஜ்ஜுப் பெருநாள் ஒன்று வராமல் இருந்திருந்தால்.

அன்றைக்கு ஆடு அறுத்ததும் முதலில் வெளியே வருவது ஈரல். அதைக் கொழுப்புச் சவ்வில் சுற்றிக் கம்பியில் கோத்துத் தணலில் வாட்டித் தின்னாமல் எங்களுக்குப் பெருநாள் தொடங்காது. ஸெக்கூ வயிற்றைக் கிழித்தான். யம்னா ஈரலை இரு கையிலும் ஏந்தி வாங்கினாள். அதில் ஒரு தண்ணிப்பை. வெள்ளைத் தோல், வாத்து முட்டை அளவு, விறைப்பாக. எங்கள் ஆடுகளில் இது புதிதல்ல. அந்தத் துண்டை மனிதர் தின்னமாட்டோம். அறுத்து நாய்க்கு எறிவோம். மந்தையைக் காத்த நாய்க்கு அறுப்பில் ஒரு பங்கு உண்டு, மனிதர் தின்னாதது அதன் பங்கு. கொடுக்காமல் போனால் மறுவருஷம் நரி வரும்போது நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பார்கள்.

யம்னா கட்டைவிரலால் அந்தப் பையை அழுத்தினாள். உள்ளே போய்த் திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினாள். பிறகு ஈரலைத் தட்டில் வைத்துவிட்டுத் தொழுவத்துக்குள் போய், துணியை விலக்கி, அதே விரலால் தன் விலாவுக்குக் கீழே அழுத்தினாள்.

திரும்பி வந்தபோது ஹத்தூம் தணலை விசிறிக்கொண்டிருந்தாள். "எங்கடி போன? நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது, போடு அதுக்கு." யம்னா போட்டாள். இஸெம் தரையில் விழுமுன் பிடித்துக்கொண்டது.

அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. விரல் பொய் சொல்லலாம் அல்லவா.

அடுத்த வசந்தத்தில் அரசாங்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலைநகரத்திலிருந்து லம்யா என்று ஒரு டாக்டர்ப் பெண்; அவளுக்கு எங்கள் பேச்சு வராது, அரபிதான். கூடவே டிரிஸ் என்று ஒரு கால்நடை டாக்டர். அவன் பக்கத்து மலைக்காரன். மனிதர் வயிற்றிலும் ஆட்டு வயிற்றிலும் நாய் வயிற்றிலும் ஒரே புழு இருக்கிறதா, எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வந்தவர்கள். டிரிஸ் சந்தை அறுப்புக் கொட்டிலில் அறுத்த ஆடுகளின் ஈரலையெல்லாம் கத்தியால் கீறிப் பார்த்தான். பிறகு வீடு வீடாக வந்து நாய்களுக்குப் பேதி மருந்து கொடுத்து, அவை போனதைக் குச்சியால் கிளறித் தண்ணீரில் அலசிப் பார்த்தான். ஊருக்கு அது திருவிழா ஆகிவிட்டது.

"இதுக்கா தம்பி அத்தனை வருஷம் படிச்ச?" என்றாள் இஸ்ஸா.

"ஆமா பெரியம்மா. இன்னும் மேல படிச்சா கழுதையும் பாக்கலாம்."

இஸெம் போனதை அலசியபோது அடியில் வெள்ளைத் துணுக்குகள் தங்கின. சீரகத்தில் பாதிகூட இராது. "இதுதான் புழு," என்றான் டிரிஸ். "நாய்க்கு ஒண்ணும் பண்ணாது. இதோட முட்டை நாய் மயிர்ல ஒட்டும், நம்ம கைல ஒட்டும், வாய்க்குள்ள போகும். ஈரல்ல போயி உக்காந்து தண்ணிப்பை கட்டும், ஆட்டுக்குக் கட்டுற மாதிரியே. அந்த ஈரலை நாய் தின்னா மறுபடியும் புழு. ஈரலை என்ன பண்றீங்க?"

"புதைக்கிறோம்," என்று ஊரே சொன்னது. ஸெக்கூவும் சொன்னான். டிரிஸ் சிரித்துக்கொண்டு எழுதிக்கொண்டான். அவன் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

யம்னா கையில் சாணி வாளியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

பள்ளிக்கூட அறையில் ஜன்னலைப் போர்வையால் மூடி ஸ்கேன் பெட்டி வைத்திருந்தார்கள். வயிற்றுக்குள் இருப்பதை அது படமாகக் காட்டும் என்று பேச்சு பரவியதும் ஹத்தூமுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேரனைப் பார்த்துவிடலாம் என்று பெருநாள் உடுப்பை உடுத்திக்கொண்டு மருமகளை இழுத்துக்கொண்டு போனாள்.

"வேண்டாம் அத்தே. வெளிச்சம் பட்டா எழுந்துடுவான்."

"எழட்டுமே. வேண்டாம்னா சொன்னேன்? நட."

வரிசையில் பெண்கள் கேலி செய்தார்கள். ஹத்தூம் விருந்துக்குப் போகிறவள்போல் நிமிர்ந்து நின்றாள்.

மேஜைமேல் யம்னா படுத்தாள். லம்யா குளிர்ந்த களிம்பைத் தடவிக் கருவியை விலாவுக்குக் கீழே அழுத்தினாள். திரையில் பெரிய கறுப்பு வட்டம் வந்தது. அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு சின்னச் சின்ன வட்டங்கள், தேனடைபோல.

ஹத்தூம் கைகொட்டிச் சிரித்தாள். "பாருடி, எத்தனை தலை! ஒருத்தன் இல்ல, ஒரு பட்டாளமே தூங்குது. ஸெக்கூவுக்குப் புல்லு பத்தாது போ."

லம்யாவுக்கு அது புரியவில்லை. யம்னாவைப் பார்த்து, "அரபி தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"ஈரல்ல நீர்க்கட்டி. ரொம்பப் பெரிசு. மாத்திரையில போகாது, அறுத்துத்தான் எடுக்கணும். மெக்னெஸ் ஆஸ்பத்திரிக்கு வாங்க, செலவு கிடையாது. ஆனா தள்ளிப்போடாதீங்க. விழுந்தாலோ அடிபட்டாலோ உள்ளேயே உடையும். உடைஞ்சா உடம்பு தாங்காது. புரியுதாம்மா யம்னா? அங்கயே முடிஞ்சுடும்."

"புரியுது."

"என்ன சொல்றா?" என்று ஹத்தூம் எங்கள் பேச்சில் கேட்டாள்.

யம்னா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "தூங்குதாம் அத்தே."

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்கானாம். விழாம, அடிபடாம பாத்துக்கணுமாம்."

"அவங்க உங்க அம்மாவா? அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றாள் லம்யா.

"சொல்லிட்டேன்," என்றாள் யம்னா.

வீடு திரும்பும் வழியில் ஹத்தூம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள், வழுக்குகிற பாறையில் முதலில் தான் காலை வைத்துப் பார்த்துவிட்டு. அன்று முதல் யம்னா குடம் தூக்கக் கூடாது என்றாயிற்று. காலையில் கதவருகே நிறுத்தி விலாவுக்குக் கீழே கைவைப்பது மட்டும் நிற்கவில்லை. பேச்சுதான் நின்றுபோயிற்று, கை மட்டும் முன்னைவிட அதிக நேரம் இருந்தது. பேரனைப் படத்தில் பார்த்துவிட்ட நிம்மதியாக்கும் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

யம்னாவின் கணக்கு எளிது. மெக்னெஸுக்குப் போனால் உயிர் இருக்கும், வயிறு இருக்காது. வயிறு இல்லாவிட்டால் கதவு இல்லை, காவி ஆடுகள் இல்லை, காலையில் வைக்கும் அந்தக் கை இல்லை. போர்வையைக் கழற்றச் சொல்லாத சின்னம்மாவின் வாசல்தான். பிள்ளை வழியிலேயே செத்துப் பிறந்தது என்று சொல்லிவிட்டு வரலாம், ஹத்தூம் அழுவாள், ஆனால் அழுது முடித்த பிறகும் ஊர் வழக்கம் அப்படியேதான் இருக்கும்.

குட்டிகள் பால் மறக்கட்டும் என்றாள் முதலில், தனக்குள். பிறகு கோடை மேய்ச்சல் முடியட்டும் என்றாள். இடையில் அவளால் முடிந்ததை வேறு ஒரு திசையில் செய்தாள்: ஆடு செத்தாலோ அறுத்தாலோ குடலையும் ஈரலையும் யாருக்கும் தெரியாமல் குழிதோண்டிப் புதைத்து மேலே கல் வைத்தாள். இஸெம் பொறுமையாகக் கல்லைப் புரட்டிவிட்டுத் தோண்டியது. அவள் இன்னும் பெரிய கல் வைத்தாள். அதன் மயிருக்குள் கைவிடுவதை நிறுத்திவிட்டாள். நாய்க்கு அது புரியவில்லை. மடியில் தலையைப் போட வந்து, தள்ளிவிடப்பட்டு, கொஞ்ச தூரத்தில் படுத்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் டிரிஸ் நாய்களுக்கு மருந்து கொடுக்க மறுபடி வந்தான். தொழுவத்தருகே அவளைத் தனியாகப் பார்த்ததும் முகம் மாறியது.

"அக்கா, நீங்க இன்னும் போகலையா?"

"பெருநாள் முடியட்டும்."

"பெருநாளுக்கும் கட்டிக்கும் என்ன இருக்கு? நான் வேணா உங்க அத்தைகிட்டச் சொல்றேன். பக்குவமாச் சொல்றேன்."

"சொல்லேன். சொல்லிட்டு, அன்னைக்கே என் மூட்டையையும் உன் ஜீப்புலயே தூக்கிப் போட்டுக்க."

அவனும் மலைக்காரன், தூங்கும் பிள்ளை என்றால் என்ன என்று அவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

"இந்த ஒரு பெருநாள் இந்த வீட்டுல இருந்துட்டுப் போறேன் தம்பி," என்றாள் யம்னா. "நீ ஆட்டு டாக்டர். ஆட்டைப் பாரு."

அவன் ஆட்டைத்தான் பார்த்தான். அதை அவன் பிற்பாடு என்னிடம் சொன்னபோது, தொப்பியைக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். முற்றத்துக் கல் தளத்தில் ஸெக்கூ கடாவைக் கிடத்தி அறுத்தான். எல்லா வீட்டிலும் அறுப்பு. எல்லாக் கூரையிலிருந்தும் புகை. ஹத்தூம் யம்னாவை எதையும் தொடவிடாமல் சுவரோரம் ஆட்டுத்தோல் விரித்து உட்காரவைத்திருந்தாள்.

ஈரலை எடுத்தபோது அதில் தண்ணிப்பைகள் மூன்று நான்கு ஒட்டிக்கொண்டு இருந்தன. "இந்தத் தடவை நாய்க்குத்தான் பெருநாள்," என்று சொல்லி ஸெக்கூ அந்தப் பாதியை அறுத்து எறிந்தான்.

யம்னா எழுந்தாள். "போடாதீங்க. அதை எடுங்க."

"அண்ணி, அது அதோட பங்கு."

"எடுங்கன்னா. அதுலதான் வருது எல்லாம்."

அவன் எடுக்கவில்லை. அவளே ஓடிப்போய், இஸெம் வாயில் கவ்விய துண்டின் மறுமுனையைப் பிடித்தாள். நாய் உறுமவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அவள் தன்னோடு விளையாட வந்துவிட்டாள் என்று நினைத்ததோ என்னவோ, வாலை ஆட்டிக்கொண்டு இழுத்தது. பக்கத்துக் கூரையிலிருந்து யாரோ, "நாய்கிட்டேயா பிடுங்கித் தின்னணும், எங்க வீட்டுல கேட்டா தரமாட்டோமா," என்றார்கள். சிரித்தார்கள். தளம் முழுக்க ரத்தமும் தண்ணீரும். அவள் கால் வழுக்கியது. தண்ணீர்த் தொட்டியின் கல் விளிம்பில் வலது விலா மோத விழுந்தாள்.

உடனே எழுந்தாள். பாவாடையைத் தட்டிக்கொண்டாள். கூரையைப் பார்த்து, "உங்க வீட்டு ஈரலைவிட நாய் வாயில இருக்கிறது மேல்," என்று பதிலும் சொன்னாள். பிறகுதான் கையைச் சொறிய ஆரம்பித்தாள். கழுத்தில் தடிப்பு எழுந்தது, முகத்தில் எழுந்தது, உதடு வீங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சு கிணற்று உருளைபோல் கீச்சிட்டது.

"எழுந்துட்டான்," என்று கத்தினாள் ஹத்தூம். "இஸ்ஸாவைக் கூப்பிடுங்க. எம் பேரன் எழுந்துட்டான்."

உள்ளே தூக்கிப் போனார்கள். உத்தரத்தில் பிரசவக் கயிற்றைக் கட்டினார்கள். இஸ்ஸா வந்து கயிற்றை அவள் கையில் திணித்து, "முக்கு, மவளே, முக்கு," என்றாள். கை கயிற்றைப் பிடிக்கவில்லை. ஸெக்கூ வண்டி தேடி ஓடினான். பெருநாள் அன்று யார் வண்டி எடுப்பான், எந்த ஓட்டுநர் வீட்டை விட்டு வருவான். யம்னா மாமியாரைப் பார்த்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஹத்தூம் தன் உள்ளங்கையை அவள் வாய்மேல் மெல்ல வைத்தாள்.

"பேசாத. மூச்சை மிச்சம் வை."

பக்கத்து வீட்டுத் தணலில் முதல் ஈரல் வெந்து முடியவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாட்டிய கொழுப்பின் வாசனை கதவு வழியாக உள்ளே வந்துகொண்டே இருந்தது. அதை யாரால் நிறுத்த முடியும்.

அந்தக் களேபரத்தில் முற்றத்தில் கிடந்த துண்டை இஸெம்தான் தின்றது.

உடம்பைக் குளிப்பாட்ட வழக்கமாக மூன்று நான்கு பெண்கள் உள்ளே போவோம். ஹத்தூம் ஒருவரையும் விடவில்லை, இஸ்ஸாவைக்கூட. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகவே குளிப்பாட்டி, தனியாகவே கபன் துணியைச் சுற்றினாள். அஸ்ஸூவின் பக்கத்திலேயே குழி வெட்டச் சொன்னாள். பிள்ளையில்லாதவளை ஏன் எங்கள் வரிசையில் என்று உறவில் ஒரு கிழவன் இழுத்தான். "பிள்ளையோடதான் போறா," என்றாள் ஹத்தூம். அடங்கிப்போனான். யம்னாவின் தலைமாட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு சின்னக் கல்லையும் அவளே சுமந்துவந்து நட்டாள். இன்றைக்கும் இருக்கிறது.

காவி ஆடுகளுக்கு மறுவசந்தத்தில் நீலம் பூசினான் ஸெக்கூ. பூசும்போது அழுதான் என்று கேள்வி, நான் பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் டிரிஸ் வந்து என் வீட்டில் தேநீர் குடிக்கும்போதுதான் உண்மையெல்லாம் எனக்குத் தெரிந்தது. அவர்கள் பார்த்த வரையில் எங்கள் மலையில் பாதி நாய்களுக்குமேல் புழு இருந்ததாம். மனிதரில் யம்னா ஒருத்தி மட்டுமல்லவாம். மற்றவர்கள் மெக்னெஸுக்குப் போய் அறுத்துக்கொண்டு தழும்போடு திரும்பிவிட்டார்கள். ஹத்தூமிடம் இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ பொய்யை அலங்காரமாகச் சொல்கிற எனக்கு, இந்த ஒரு உண்மையைச் சொல்லும் தைரியம் இல்லை. பேரன் அந்தச் சின்னக் கல்லுக்கடியில் தூங்குகிறான் என்று நம்பிக்கொண்டே அவள் கிழவியானாள். நம்பட்டும்.

இந்த இடத்தில் கம்பளி இழுக்கும் சத்தம் நின்றது. ஹத்தூம் முள்சீப்பை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீ படிச்சதுல ஒண்ணு தப்பு," என்றாள்.

"எது?"

"அந்த இருட்டு ரூம்ல நான் எத்தனை தலைன்னு சொல்லவே இல்ல. கைகொட்டிச் சிரிக்கவும் இல்ல. அதெல்லாம் நீ சேத்தது. நான் ஒண்ணுமே பேசல." மடியிலிருந்த மயிரை விரலால் தட்டிச் சேர்த்தாள். "கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து ஆடு உரிக்கிறவ நான். பெரிய பைக்குள்ள குட்டிப்பை எப்படி அடைஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியாதா? பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. இவ தூங்குதாம்னு சொன்னா. சரின்னுட்டேன். நான் வாயத் திறந்தா ஸெக்கூ அவளை அனுப்பியாகணும். ஒரு புள்ளய மண்ணுல போட்டுட்டேன், இவளையுமா அனுப்புவேன்?"

"அப்ப மெக்னெஸுக்கு அனுப்பியிருக்கலாமே அக்கா."

"அந்தப் பொண்ணு அரபியில என்ன சொன்னான்னு எனக்கு யாரு சொன்னா?" என்றாள் ஹத்தூம். "ஆட்டுக்கும்தான் அது இருக்கு. வருஷக்கணக்கா மேயுது, குட்டி போடுது, மலை ஏறுது. ஒண்ணும் ஆகறதில்ல. அறுத்தாத்தான் இருந்ததே தெரியுது."

சீப்பை எடுத்துக்கொண்டாள்.

"இவளுக்கும் அப்படித்தான்னு நினைச்சேன். அதை எழுது."